கார் போட்டுக்கொள்ளும் கண்ணாடிச் சட்டை!

தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் பஸ்ஸில் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். வெள்ளை வெளேரென்று மூன்று கைகளை விரித்துக்கொண்டு அவை சுழல்வது வெகுதூரத்துக்குத் தெரியும். அந்தக் கைகள் எதனால் ஆனவை? இரும்பு என்பார் ஒருவர். அலுமினியம் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கண்ணாடி!

ஆம், கண்ணாடியேதான். அதை உருக்கி, நூலாக இழுத்து, பிசினில் தோய்த்து, அச்சில் படிய வைத்து எடுத்த பொருள். 'பைபர் கிளாஸ்' என்று அதற்குப் பெயர். நம் பட்டறைகளில் சுருக்கமாக 'பைபர்'.

காற்றைக் கடைந்து மின்சாரம் எடுக்கும் இந்தப் பைபரையே இப்போது கார்களுக்கும் சட்டையாகத் தைத்துப் போடுகிறார்கள். 'பாடி கிட்' என்று சொல்கிறார்கள். முன்னால் தரையைத் தொடுவதுபோல் ஒரு பம்பர். கதவுகளுக்குக் கீழே, சக்கரத்துக்குச் சக்கரம் ஓடும் ஒரு விளிம்பு. புடைத்த மட்கார்டுகள். டிக்கியின் மேல் ஒரு வால் இறக்கை. இவ்வளவும் மாட்டிவிட்டால், நேற்றுவரை சாதுவாகக் காய்கறிச் சந்தைக்குப் போய்வந்த கார், இன்று பந்தயக் குதிரையைப்போல் நிற்கிறது. இளைஞர்களுக்கு ஆசை வருவதில் வியப்பென்ன?

ஆசையைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அந்தக் காலத்தில் வில்வண்டிக்குப் பித்தளைப் பூண் போட்டு, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிச் சலங்கை கட்டியவர்களின் பேரன்மார்தானே! நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. சட்டையைப் பொத்தான் வைத்து மாட்டுவதா, அல்லது தோலோடு தோலாகச் சேர்த்துத் தைத்துவிடுவதா?

பாடி கிட்டைப் போல்ட் போட்டு மாட்டலாம். அது ஒரு முறை. ஒட்டு இருப்பதே தெரியாமல், காரின் இரும்புத் தகட்டோடு பைபரை ஒட்டி, இழைத்து, பட்டி பார்த்து, ஒரே உடம்பாக்கிவிடுவது இன்னொரு முறை. ஆசைக்காரர்கள் விரும்புவது இரண்டாவதைத்தான். வம்பும் அதில்தான் இருக்கிறது. அந்த வம்பைப் புரிந்துகொள்ள, முதலில் பைபர் பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

இடியாப்பமும் இட்லித் தட்டும்

இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். உருகிய கண்ணாடியைப் பொடிப்பொடித் துளைகளின் வழியே இழுக்கிறார்கள். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் கிடைக்கின்றன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, தாறுமாறாகப் பரப்பி, பாய்போல் ஆக்கினால் அது 'மேட்'. நெய்து துணியாக்கினால் அது வேறு ரகம். இந்த இழை இழுவிசையைத் தாங்கும். ஆனால் தனியே நிற்காது. பிசின் தனியே நிற்கும். ஆனால் ஓர் அடியில் உடைந்துவிடும். இரண்டையும் சேர்த்தால், கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த கதைதான்.

அமெரிக்காவில் 1930-களில் இந்த இழையைப் பெரிய அளவில் செய்யும் வழி கண்டார்கள். 1938-ல் ஓவன்ஸ்–கார்னிங் என்ற கம்பெனி இதற்கென்றே தோன்றியது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'செவர்லே கார்வெட்' காரைப் பைபர் உடம்போடு வெளியிட்டது. அந்த ஆண்டில் செய்தவை 300 கார்கள்தாம். குறைந்த எண்ணிக்கைக்குப் பைபர்தான் கட்டுபடியாகும். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்க மாபெரும் அச்சுகளும் இயந்திரங்களும் வேண்டும். பைபருக்கு ஓர் அச்சு, ஒரு பிரஷ், பொறுமையுள்ள இரண்டு கைகள் போதும்.

நம் நாட்டிலும் பெங்களூரில் 1970-களில் 'பாதல்' என்ற மூன்று சக்கரக் காரும், 1982-ல் 'சிபானி டால்பின்' என்ற இரு கதவுக் காரும் பைபர் உடம்போடு வந்தன. 1983 டிசம்பரில் மாருதி வந்தது, டால்பின் ஓரங்கட்டப்பட்டது. ஆனால் பைபர் ஓயவில்லை. 2004-ல் ஆழிப்பேரலை அடித்தபின் நம் கடற்கரைக் குப்பங்களில் நிவாரணமாக வந்து இறங்கியவற்றுள் பைபர் படகுகள் ஏராளம். பஸ்களின் முகப்பைத் தட்டிப் பாருங்கள். டொக் என்று மந்தமாக ஒலித்தால் அதுவும் பைபர்தான்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பம்பர் செய்ய வேண்டும். முதலில் 'மாதிரி' ஒன்று செய்கிறார்கள். களிமண், பாரிஸ் பிளாஸ்டர், மரம், எதிலும் செய்யலாம். தெர்மோகோலில் செய்தால் மட்டும் ஜாக்கிரதை! பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் திரவம் தெர்மோகோலைக் கரைத்து விழுங்கிவிடும். இரண்டு நாள் செதுக்கிய வேலை இரண்டே நிமிடத்தில் குழிவிழுந்து போகும். அதன்மேல் வேறு பூச்சுப் பூசி மூடிய பிறகே பிசினைக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

மாதிரியை உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறார்கள். மறுபடி தேய்க்கிறார்கள். நீரூற்றித் தேய்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் மாதிரியில் இருந்தால், அது அச்சில் இருக்கும். அச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பம்பரிலும் இருக்கும். ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல், உண்மையான பொருளைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

மாதிரியின்மேல் மெழுகு தேய்த்து, அதைச் சுற்றிக் கனமான பைபரில் அச்சு எடுக்கிறார்கள். செய்யப் போகும் பொருளைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமனாக அச்சு இருந்தால்தான் கோணாது. பிறகு அந்த அச்சுக்கு உள்ளே மெழுகு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவ மறந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே மறந்தால் அச்சும் போயிற்று, பம்பரும் போயிற்று.

அடுத்து வருவது ஒரு வேடிக்கை. வீடு கட்டும்போது சுவரை எழுப்பிவிட்டுக் கடைசியில் வெள்ளையடிக்கிறோம். இங்கே வெள்ளையடித்துவிட்டுத்தான் சுவர் எழுப்புகிறார்கள்! வெளியே தெரியப்போகும் வழவழப்பான பூச்சுக்கு 'ஜெல் கோட்' என்று பெயர். அதை முதலில் அச்சுக்குள் பூசுகிறார்கள். அது பிசுபிசுப்பாக இறுகியதும், மேட்டை வைத்துப் பிசினைத் தடவி, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டுகிறார்கள். குமிழி ஒன்று உள்ளே தங்கினால், நடு வெயிலில் அது பொங்கிக் கொப்புளமாகும். கார் விற்ற பிறகுதான் தெரியும்!

பிசின் தானாக இறுகாது. கோபால்ட் என்று சொல்லப்படும் ஊதா நிறத் துணைத் திரவம் கொஞ்சம், இறுகச் செய்யும் 'ஹார்டனர்' கொஞ்சம் சேர்க்க வேண்டும். நூறு பங்கு பிசினுக்கு ஹார்டனர் ஒன்று முதல் இரண்டு பங்கு. இந்த இரண்டு திரவங்களையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்கக் கூடாது. முதலில் ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் மற்றது. நேரே கலந்தால் வெடிக்கும். எழுத்தறியாத பையன் ஒருவனிடம் இரண்டு பாட்டில்களையும் கொடுத்துவிட்டு முதலாளி டீக்கடைக்குப் போகும் பட்டறை எதுவானாலும், அங்கே நம் காரை விடாமல் இருப்பது நல்லது.

தேனிப் பக்கத்துச் சித்திரை வெயில் இந்த வேலையில் ஒரு பங்காளி. வெயில் ஏற ஏறப் பிசின் இறுகும் நேரம் குறைந்துகொண்டே போகும். காலையில் சாவகாசமாக வேலை வாங்கிய அதே கலவை, உச்சிப்பொழுதில் டப்பாவிலேயே கட்டிதட்டிப் புகையும். அனுபவசாலிகள் ஹார்டனரைக் குறைத்து, சிறிது சிறிதாகக் கலந்து, விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். மழைக்காலத்து ஈரமும் இதற்கு ஆகாது.

யார் மூச்சில் போகிறது?

இங்கே சற்று நிற்க வேண்டும். பளபளக்கும் பம்பரைப் பார்த்து 'ஆகா' என்கிறோம். அதைச் செய்தவனுடைய கைகளைப் பார்த்தோமா?

இறுகிய பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் முழுவதும் பொடிக் கண்ணாடி. தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிப்பு. அது போகட்டும். பிசினிலிருந்து கிளம்பி மூக்கைத் துளைக்கும் அந்த நெடி ஸ்டைரீன் ஆவி. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2018-ல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் ஒரு படி உயர்த்தி வைத்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை தூளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதற்குக் கண்ணாடி வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பாடி கிட்டின் விலையில் எள்ளத்தனை. கார் கொண்டுபோகிறவர் 'ரேட் என்ன?' என்று கேட்பதோடு, 'பையன்களுக்கு முகமூடி இருக்கிறதா?' என்றும் கேட்டால் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளவா போகிறார்?

ஒட்டில்தான் இருக்கிறது சூட்சுமம்

இப்போது பம்பர் தயார். பக்க விளிம்பும் தயார். ஒட்டு தெரியாமல் சேர்த்துவிடச் சொல்கிறார் சொந்தக்காரர். இரும்பிலுள்ள பெயிண்டைச் சுரண்டி, பைபரை வைத்து, இடைவெளியில் மேட்டும் பிசினும் அடைத்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். எங்கே இரும்பு முடிந்தது, எங்கே பைபர் தொடங்கியது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது!

எத்தனை நாளைக்கு?

இரும்பும் பைபரும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். ஒரே பாயில் படுக்கச் சொன்னால் தகராறுதான். வெயிலில் இரும்பு விரிவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பைபர் விரிகிறது. ஐந்தடி நீளமுள்ள ஒரு பக்க விளிம்பை எடுத்துக்கொள்வோம். போடிமெட்டில் பனிமூட்டத்துக்குள் நின்ற கார், கீழே இறங்கி வந்து நடுப்பகல் வெயிலில் நிற்கிறது. தகட்டின் சூடு 40 டிகிரி ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டால், இரும்பைவிடப் பைபர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீளும். ஒரு மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். வளையாத பட்டிக்கு அது மலை! ஏறும்போது சுருங்கி, இறங்கும்போது விரிந்து, நாள்தோறும் இழுபட்டால் எந்தப் பட்டி தாங்கும்?

இதோடு முடியவில்லை. மேட்டில் செய்த பைபரின் விறைப்பு, இரும்பின் விறைப்பில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான். கொண்டை ஊசி வளைவில் கார் முறுகும்போது இரும்பு ஒருவிதமாக அசைகிறது. பைபர் வேறுவிதமாக அசைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு வளைவைப்பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. குமுளிக்குப் போனாலும் மலை, கம்பம்மெட்டுக்குப் போனாலும் மலை, போடிமெட்டுக்கு என்றால் 17 கொண்டை ஊசி. சமதளத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் ஒட்டு, இந்தப் பாதைகளில் சீக்கிரமே மயிரிழை மாதிரி ஒரு கோடு காட்டும்.

கோடு வந்தால் பெயிண்ட்தானே போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கோட்டின் வழியே சாரல் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பளபளக்கும் சட்டைக்கு அடியில் இரும்பு சத்தமில்லாமல் துருவேறும். மேலே கோடு பெரிதாகி, யாராவது தட்டிப் பார்க்கும்போது கீழே தகடு அப்பளமாக இருக்கும்.

காற்றாலைக்குத் திரும்புவோம். அந்தப் பெரிய இறக்கையை இரண்டு அச்சுகளில் இரண்டு பாதிகளாகச் செய்து, பசையால் ஒட்டித்தான் ஒன்றாக்குகிறார்கள். அங்கே ஒட்டு நிற்கிறது. ஏனென்றால் இரு பக்கமும் ஒரே இனம், பைபரும் பைபரும். ஆனால் அதே இறக்கையை நடுவிலுள்ள இரும்புக் குடத்தோடு சேர்க்கும்போது? பட்டியா பூசுகிறார்கள்? இல்லை. வட்டமாகப் போல்ட்டுகளை வைத்து முறுக்குகிறார்கள். 1953-ன் கார்வெட் காரிலும் பைபர் உடம்பை இரும்புச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டுத்தான் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு ஒட்டத் தெரியாமல் இல்லை!

போல்ட்தான் நல்லது என்பதே நம் கட்சி. அடியில் ரப்பர் வாஷர், துளையைச் சிறிது நீளவாட்டாக விட்டு, விளிம்பில் ஒரு மெல்லிய இடைவெளி. பைபர் தன் இஷ்டத்துக்கு விரியட்டும், சுருங்கட்டும். இடைவெளி தெரிகிறதே என்று மனம் சங்கடப்பட்டால், கம்பெனிக் காரின் கதவைப் பாருங்கள், பானெட்டைப் பாருங்கள். அங்கும் இடைவெளிதான். அதை யாரும் அசிங்கம் என்று சொல்வதில்லை.

'இல்லை, ஒட்டித்தான் ஆகவேண்டும்' என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பாலியெஸ்டர் பிசின் இரும்பை இறுகப் பற்றாது. எபாக்ஸி அதைவிட நன்றாகப் பற்றும். அதைவிட, வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன் பசை இருக்கிறது. காரின் முன் கண்ணாடி இரும்புச் சட்டத்தில் எப்படி நிற்கிறது? ரப்பர்போல் இழுபடும் அந்தப் பசையில்தான். ஒட்டு வரும் இடத்தைத் தகட்டின் நடுவில் வைக்காமல், காரிலேயே இயல்பாக உள்ள ஒரு மடிப்புக் கோட்டில் வைக்க வேண்டும். பைபரைச் செய்த மறுநாளே மாட்டக் கூடாது. சில நாள் வெயிலில் கிடந்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகே பெயிண்ட். அவசரப்பட்டால், உள்ளேயிருக்கும் மேட்டின் நார்க்கோலம் பெயிண்டின் மேல் அப்படியே எழும்பி நிற்கும்.

பம்பர் விஷயத்தில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். இக்காலக் கார்களின் பம்பர் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் மோதலைத் தாங்கும் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. பைபர் பம்பர் வளையாது. சில்லுச் சில்லாக உடைந்து கூரிய விளிம்பு காட்டும். புதிய பம்பர் உட்கார இடம் பற்றவில்லை என்று உள்ளேயிருக்கும் சட்டத்தை அறுத்துப் போடுவது, வேட்டி கரை தெரிவதற்காகக் காலை வெட்டிக்கொள்வது போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அமைப்பை மாற்றி, அதனால் வண்டியின் அடிப்படைத் தன்மை மாறினால் அது 'மாற்றம்' என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிசெய்தது. மாற்றலாம் என்று அதற்கு முன் கேரள ஹைகோர்ட் சொல்லியிருந்தது தள்ளுபடியாயிற்று. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, விதிக்கு மாறாக மாற்றிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இது மத்திய சட்டம். தேனியில் ஒன்று, குமுளிக்கு அப்பால் ஒன்று என்று கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கின் வண்டிகளோ மலை ஏறிப் பிழைக்கிற வண்டிகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பும், தேக்கடிக்குச் சவாரி போகும் டாக்ஸியும் சோதனைச் சாவடியில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. சிறிய வால் இறக்கைக்கு ஒருவேளை யாரும் கண்டுகொள்ளாமல் விடலாம். மட்கார்டை அறுத்து அகலமாக்கினால் அப்படி விடமாட்டார்கள். எதுவானாலும் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் உத்தமம்.

போல்ட்டுக்கு இன்னொரு லாபமும் இங்கேதான் தெரிகிறது. 'கழற்று' என்று அதிகாரி சொன்னால் ஒரு ஸ்பானரும் அரைமணி நேரமும் போதும். தோலோடு தைத்த சட்டையை எப்படிக் கழற்றுவது? காரை அறுத்து, தகடு மாற்றி, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். விற்கப் போனாலும் இதே கதைதான்.

மாட்டியாயிற்று என்றால், முதல் தடவை மலை ஏறி இறங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். கார் நிழலில் நின்று ஆறட்டும். பிறகு கீழே குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். முறுக்குங்கள், ஆனால் மிதமாக. பைபர் துளையைச் சுற்றி வெடிப்பது, பெரும்பாலும் அளவுக்கு மீறி முறுக்கிய கையால்தான்.